வீட்டுக் கணினிக்குத் தவறாமல் காப்புப்பிரதி எடுத்துவருவது எப்படி?

கணினியில் உள்ளவற்றை ஒரு முறை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது எவருக்கும் கடினமன்று. ஒரு ஹார்டு டிஸ்க்கை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம். அந்த நகலை எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது, இடையில் பிறந்த குழந்தையின் படங்களோ, புதுப்பித்த வாடகை ஒப்பந்தமோ, அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கோ அதில் இருக்காது என்பதுதான் சிக்கல். ஆகவே நகலெடுக்கும் நுட்பத்தைவிட, நகலெடுப்பது இடையில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியே இங்கே மிகுதியாகச் சொல்லப் போகிறேன். எல்லா வீட்டிலும் மறதி உண்டு, வேலைப் பளு உண்டு என்று வைத்துக்கொண்டே இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவர் நினைவு வைத்துச் செய்யவேண்டிய வேலை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு காலம் ஏற்பாடு நிலைக்கும்.

விண்டோஸ் 11 உள்ள கணினியை முன்வைத்தே விளக்குகிறேன். மற்ற இயங்குதளங்களுக்கு வேண்டியதை உரிய இடத்தில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

எவை எங்கே இருக்கின்றன

முதல் வேலை டிஸ்க் வாங்குவதன்று. இழந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை, அவை கணினியில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸையும் பிற மென்பொருள்களையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மின் ஆதாரையும் வில்லங்கச் சான்றிதழையும் உரிய இணையதளத்தில் மீண்டும் பெறலாம். சிறிது நேரம் செலவாகும், அவ்வளவே. தாத்தாவின் குரல் பதிவுக்கும், கல்யாணப் படங்களுக்கும், எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டுக்கும், வீட்டிலிருந்து நடத்தும் சிறுதொழிலின் கணக்குக்கும் வேறு மூலம் எங்கும் இல்லை. தாளில் இவைதான் மேலே வர வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தெளிவாக மறுத்தாக வேண்டும். கணினியைப் பொருத்தித் தரும் கடைகளில் ஒரே டிஸ்க்கைச் சி, டி, இ என்று பிரித்துத் தருவது நெடுநாள் வழக்கம். 'விண்டோஸ் கெட்டால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வோம், உங்கள் படங்களை டி டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையும் உடன் வரும். விண்டோஸை மறுபடி நிறுவும் நாளுக்கு அது பயன்படும்தான். ஆனால் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகளாக இருக்கும்போது, டிஸ்க் பழுதானாலோ, மின்னழுத்தம் எகிறி எரிந்துபோனாலோ, கணினியே திருடுபோனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். டி டிரைவில் உள்ள நகலைக் காப்புப்பிரதியாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதோடு, விண்டோஸில் உள்ளமைந்த காப்பு வசதிகள் தாமாகப் பார்ப்பது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற பயனர் கோப்புறைகளைத்தான். பத்திரம் என்று எண்ணி டி டிரைவில் சேர்த்தவை, நாமாகச் சேர்க்காதவரை, எந்தக் காப்புக்குள்ளும் வராமல் கிடக்கும்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் தரவைத் தமக்கென ஒரு தனிக் கோப்புறையில் வைத்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று மென்பொருளைத் திறந்து பார்த்து, முழு வழியையும் தாளில் எழுதுங்கள். அத்தகைய தரவை மென்பொருள் திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதப்பட்ட நிலை பதிவாகக்கூடும் என்பதால், அதை மூடிவிட்டு எடுப்பதோ, மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியால் எடுத்து அந்தக் கோப்பைக் காப்பில் சேர்ப்பதோ நல்லது. டவுன்லோட்ஸ் கோப்புறையில் குவிந்து கிடப்பவற்றுள் வேண்டியவற்றை டாக்குமென்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். கைபேசியில் எடுத்த படங்களையும் மறக்கக் கூடாது. இன்று பல குடும்பங்களின் படங்கள் கணினிக்கு வருவதே இல்லை. மாதம் ஒரு முறையாவது அவற்றைக் கேபிள் வழியாகக் கணினிக்கு இறக்கினால்தான் இந்த ஏற்பாட்டின் பயன் அவற்றுக்கும் கிடைக்கும்.

தாள் முடிந்ததும் ஒவ்வொரு கோப்புறையின் மேலும் வலச் சொடுக்கி, ப்ராபர்ட்டீஸில் அதன் அளவைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்பது அந்தக் கூட்டுத்தொகையில் தெரிந்துவிடும்.

மூன்று பிரதிகள், மூன்று வேலைகள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய இந்த 3-2-1 விதி இன்று உலகெங்கும் வழங்குகிறது. கணினியில் உள்ள மூலமும் அந்த மூன்றில் ஒன்று. எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பிரதியும் எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்று புரிந்துகொள்வதே முக்கியம், ஏனெனில் ஒரு பிரதி எல்லா ஆபத்தையும் தடுப்பதில்லை.

கணினியோடு இணைந்தே இருந்து மணிக்கொரு முறை தானாக நகலெடுக்கும் டிஸ்க், தவறுதலாக அழித்த கோப்பையும் திருத்திக் கெடுத்த கோப்பையும் மீட்டுத் தரும். கணினியின் டிஸ்க் செத்துப்போனாலும் கைகொடுக்கும். ஆனால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால், கணினிக்கு எட்டுகிற எல்லா டிரைவையும் அது பூட்டும்; இணைந்திருக்கும் காப்பு டிஸ்க்கும் அதில் அடங்கும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை 150 நாடுகளுக்கும் மேல் பாதித்தது, இணைப்பு டிஸ்க்குகளையும் விட்டுவைக்கவில்லை. விண்டோஸில் அது பயன்படுத்திய ஓட்டைக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் வெளிவந்திருந்தது. வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை, விலை கொடுக்காமல் பயன்படுத்தத் தேடும் 'கிராக்' மென்பொருள்களோடு ரான்சம்வேர் ஒட்டிக்கொண்டு வருவது மிகப் பழகிய வழி. இந்த ஆபத்துக்கு மருந்து, கேபிளைக் கழற்றி வைத்திருக்கும் இரண்டாவது டிஸ்க்தான். திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் அதுவும் போதாது. அவற்றுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும்.

கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை அடிப்படையில் இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவுச் சேவைகள்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கும் போய்ச் சேரும். அழித்தது இரண்டிலும் சாதாரணமாக 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அழிந்தது 31ஆம் நாள் தெரியவந்தால் ஒன்றும் செய்ய இயலாது. இலவச இடமும் கூகுளில் மின்னஞ்சல், படங்கள் அனைத்துக்கும் சேர்த்து 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி மட்டுமே. வெளிப்பிரதியின் ஒரு பகுதியாக இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை, இவற்றை மட்டுமே நம்புவதுதான் தவறு.

ஒன்டிரைவில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. இடத்தைச் சேமிப்பதற்காக அது பல கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தை இணையத்திலேயே வைத்திருக்கும். அத்தகைய கோப்புகளின் அருகே மேகக் குறி தெரியும். கணினியில் இல்லாத கோப்பை, விண்டோஸில் உள்ளமைந்த ஃபைல் ஹிஸ்டரி என்னும் காப்பு வசதி நகலெடுக்காது. காப்பில் வரவேண்டிய கோப்புறைகளை வலச் சொடுக்கி, 'இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு' என்ற பொருளில் உள்ள தேர்வை இட்டுவிடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது

தாளில் வந்த கூட்டுத்தொகையைப் போல் இரண்டு மடங்கேனும் கொள்ளும் டிஸ்க்காக இரண்டு வாங்குங்கள். பழைய வடிவங்களையும் வைத்திருப்பதற்கு இடம் வேண்டும். 1 டிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். விற்பவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. டிஸ்க்கில் குறை ஏதுமில்லை.

கழற்றி அலமாரியில் வைக்கப்போகும் பிரதிக்கு சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் பதியும் எஸ்எஸ்டியைவிடச் சுழலும் ஹார்டு டிஸ்க்கையே நான் பரிந்துரைப்பேன். எழுதும் ஆயுளை முழுவதும் தீர்த்துவிட்ட வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறை. புதிய எஸ்எஸ்டி இதைவிட நீண்ட காலம் தாங்கும் என்றாலும், வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் சுருங்கும். நம் ஊர்க் கோடையில் மூடிய அலமாரிக்குள் 30 டிகிரி என்பது குளிர்ந்த நாள். பென் டிரைவைக் கோப்புகளைக் கொண்டுசெல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதானால் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபியை எட்டும் ஒரு கோப்பை எழுத முடியாது; திருமணக் காணொளி ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். இரண்டு டிஸ்க்குகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒன்றில் 'இணைப்பு' என்றும் மற்றதில் 'அலமாரி' என்றும் எழுதிவிட்டால், வீட்டில் வேறு எவர் கையில் எடுத்தாலும் எது எதற்கென்று தெரியும்.

தானாக நடக்கும் பகுதி

இணைப்பு டிஸ்க்கைப் பொருத்திவிட்டுக் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டியின் கீழ் உள்ள ஃபைல் ஹிஸ்டரிக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 8 காலத்தில் வந்த இந்த வசதியை விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் தேடினால் காண முடியாது. கன்ட்ரோல் பேனல் வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்க்கை அது கண்டுகொண்டதும் 'டர்ன் ஆன்' பொத்தானை அழுத்தினால் போதும். அதன்பின் மணிக்கொரு முறை மாறிய கோப்புகளை மட்டும் அது நகலெடுக்கும். 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' பகுதியில் இந்த இடைவெளியைப் பத்து நிமிடம் முதல் ஒரு நாள் வரை மாற்றலாம்; எழுத்துவேலை மிகுதியாக உள்ளவர்கள் அரை மணி என்று வைத்துக்கொள்வது நன்று. பழைய வடிவங்களை எவ்வளவு காலம் வைப்பது என்ற இடத்தில் 'எப்போதும்' என்பது முன்னிருப்பாக இருக்கும். டிஸ்க் நிரம்பியதும் நகலெடுப்பது நின்றுவிடாதிருக்க, அதை 'இடம் தேவைப்படும் வரை' என்ற தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்ததுதான் பலரும் தவறவிடும் படி. தாளில் எழுதிய டி டிரைவ் கோப்புறைகளை இப்போது சேர்க்க வேண்டும். விண்டோஸ் 11இன் ஃபைல் ஹிஸ்டரியில் கோப்புறையைச் சேர்க்கும் பொத்தான் இல்லை. ஆனால் லைப்ரரி எனப்படும் தொகுப்புகளில் உள்ள எதையும் அது நகலெடுக்கும். கோப்புறையை வலச் சொடுக்கி, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' வழியாக 'இன்க்ளூட் இன் லைப்ரரி' என்பதைத் தேர்ந்து டாக்குமென்ட்ஸ் லைப்ரரியில் சேர்த்தால், கோப்புறை இருந்த இடத்திலேயே இருக்கும், காப்புக்குள்ளும் வந்துவிடும்.

இந்த வசதியில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு. நகல்கள் சாதாரணக் கோப்புகளாகவே, பெயருக்குப் பின்னால் நாளும் நேரமும் சேர்த்து எழுதப்படுகின்றன. நாளை இந்தக் கணினியே இல்லாவிட்டாலும், டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, தனி மென்பொருள் எதுவும் இல்லாமல் கோப்புகளைத் திறந்து படிக்கலாம்.

மேக் கணினியில் 2007இல் வந்த டைம் மெஷின் இதே வேலையை இன்னும் எளிதாகச் செய்கிறது: கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்றும், கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்றும், அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கொன்றுமாக வடிவங்களை வைத்திருக்கும். லினக்ஸ் வகையான உபுண்டுவைப் பயன்படுத்துவோர் டேஜா டூப் என்னும் காப்பு மென்பொருளை நாடலாம். லினக்ஸில் டைம்ஷிஃப்ட் இருப்பதால் எல்லாம் காப்பில் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். அது இயங்குதளத்தைக் காப்பதற்கானது, பயனரின் கோப்புகளை முன்னிருப்பாக விட்டுவிடும்.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு சொல். டிஸ்க் எப்போதும் இணைந்திருக்காது என்பதால், கணினி இரவில் எந்த மேசையில் சார்ஜ் ஏறுகிறதோ அந்த மேசையிலேயே கேபிளோடு டிஸ்க்கை வைத்துவிடுங்கள். சார்ஜர் வயரைச் செருகும் கை டிஸ்க்கின் வயரையும் செருகிவிடும்.

அமாவாசைக்கு ஒரு முறை, கையால்

அலமாரி டிஸ்க்கைத் தானியங்கியாக ஆக்க முடியாது. கழற்றி வைத்திருப்பதே அதன் வலிமை. ஆகவே இதற்கு மட்டும் ஒரு நாள் குறித்தாக வேண்டும். 'மாதம் ஒரு முறை' என்று பொதுவாக முடிவு செய்தால் அது நடக்காமலே போகும். வீட்டு நாட்காட்டியில் ஏற்கெனவே குறிக்கப்பட்டு, வீட்டார் எப்படியும் நினைவில் வைத்திருக்கும் நாளாக அது இருக்க வேண்டும். பல வீடுகளுக்கு அமாவாசை பொருந்தும்: ஏறத்தாழ முப்பது நாளுக்கு ஒரு முறை வரும், தினசரித் தாளிலேயே அச்சாகியிருக்கும். சம்பள நாள், சங்கக் கூட்ட நாள், தேவாலயத்தின் முதல் வெள்ளி என்று உங்கள் வீட்டுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மாதம் ஒரு முறை போதாது, வாரந்தோறும் வேண்டும்.

இதற்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்னும் இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். இடப்பக்கம் கணினியின் கோப்புறைகளையும் வலப்பக்கம் டிஸ்க்கின் கோப்புறைகளையும் ஒரு முறை அமைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த முறை முதல் இரண்டு பொத்தான்கள்தாம்: ஒப்பிடு, ஒத்திசை. 'மிரர்' முறையைத் தேர்ந்தால் கணினியில் அழித்தவை டிஸ்க்கிலும் அழியும் என்பதைக் கவனியுங்கள். அழியவேண்டியவற்றை என்ன செய்வது என்ற அமைப்பில் 'வெர்ஷனிங்' என்பதை இட்டு, டிஸ்க்கிலேயே 'பழையவை' என்றொரு கோப்புறையைக் காட்டிவிட்டால், நீக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் அழிந்துபோகாமல் அங்கே ஒதுங்கும்.

ஒப்பிடும் படியை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். எத்தனை கோப்புகள் புதியவை, எத்தனை மாறியவை, எத்தனை நீங்கப்போகின்றன என்று அது முன்கூட்டியே காட்டும். ஒரு மாதத்தில் சில நூறு படங்களும் சில பத்து ஆவணங்களும் மாறுவது இயல்பு. ஐந்தாண்டுப் பழைய படங்கள் எல்லாம் மாறியிருப்பதாகக் காட்டினாலோ, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் அறியாத ஒட்டு ஒன்று முளைத்திருந்தாலோ, ஒத்திசைக்காமல் டிஸ்க்கை உடனே கழற்றுங்கள். கழற்றிவைத்த பிரதியில் மட்டுமே நல்ல கோப்புகள் எஞ்சியிருக்கும் நிலையாக அது இருக்கக்கூடும். டிஸ்க்கைச் செருகும் முன்பே கணினியில் சில பழைய படங்களையும் ஆவணங்களையும் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு: யூஎஸ்பி 3 இணைப்பில் வெளி ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் எழுதினால், முதல் முறை 500 ஜிபி நிரப்ப ஒன்றரை மணி நேரம், சிறு கோப்புகள் பல்லாயிரம் இருந்தால் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கும் ஆகலாம். அடுத்த மாதங்களில் மாறியவை மட்டுமே போவதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க்கின் கோப்பு அமைப்பே சிதையலாம் என்பதால், மேசைக் கணினியானால் யூபிஎஸ் இணைப்பில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். முடிந்ததும் 'பாதுகாப்பாக நீக்கு' என்ற படியைச் செய்த பிறகே கேபிளை இழுங்கள்.

வீட்டுக்கு வெளியே

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோதும், அதே மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் வெள்ளக்காடானபோதும், தரைத்தள வீடுகளில் மேசையும் பீரோவும் சேர்ந்தே நீரில் நின்றன. ஓர் அறையில் கணினியும் அதே அறையின் அலமாரியில் டிஸ்க்கும் இருந்தால், வெள்ளத்தின் முன் அவை இரண்டும் ஒன்றே.

எளிய வழி, அலமாரி டிஸ்க் போலவே இன்னொன்றை வாங்கி, வேறு பகுதியில் வசிக்கும் அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வைப்பது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வரும்போது புதிய நகலைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். அவர்கள் டிஸ்க்கை நீங்கள் வைத்துக்கொண்டால் இரு குடும்பங்களுக்கும் காப்பு கிடைக்கும். அதே தெருவில் உள்ள வீடாக இருக்கக் கூடாது. வெள்ளம் தெருவுக்கே வரும். இந்தப் பிரதி சில மாதம் பழையதாகவே இருக்கும் என்பதால், இடைக்கால ஆவணங்களையும் கணக்குக் கோப்புகளையும் மட்டும் கிளவுடில் வைத்துக்கொள்வது பொருத்தம். படங்களுக்குப் போதாத 15 ஜிபி, ஆவணங்களுக்குத் தாராளமாகப் போதும்.

வீட்டைவிட்டு வெளியே போகும் டிஸ்க்கில் வங்கி விவரங்களும் அடையாள ஆவணங்களும் இருக்குமென்றால் அதைக் குறியாக்கம் செய்வது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் எவரும் படிக்க முடியாதபடி பூட்டுவது, நல்லது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கரால் இதைச் செய்யலாம். ஹோம் பதிப்பு உள்ளவர்கள் வெராக்ரிப்ட் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால், அவருக்கு உடல்நலம் குன்றும் நாளில் பிரதி இருந்தும் பயனில்லை. காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, அது அங்கே இருப்பதைக் குடும்பத்தில் இன்னொருவருக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் கணினியின் உள் டிஸ்க்கும் உங்களுக்குத் தெரியாமலேயே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் அது தானாக நடப்பதுண்டு. அதற்கான 48 இலக்க மீட்புத் திறவுகோல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதையும் இன்றே அச்செடுத்து அந்தப் பத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். மதர்போர்டு பழுதாகி டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்தால், அந்த எண் இல்லாமல் ஒரு கோப்பையும் படிக்க இயலாது.

தமிழ்க் கோப்புகளுக்கு உரிய கவனம்

பதினைந்து இருபது ஆண்டுப் பழைய தமிழ் ஆவணங்கள் வைத்திருப்பவர்கள், கோப்பை மட்டும் காத்தால் போதாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் ஏற்கும் முன்பும், அதன் பின்னர் நெடுநாளும், பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் எழுத்துகளை அடுக்கியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் கிடப்பதால், நாம் இதுவரை அமைத்த எந்தக் காப்பும் அவற்றைத் தொடாது. பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் நகலெடுத்து ஆவணங்களோடு வையுங்கள். இயன்றால் ஒவ்வொரு முக்கிய ஆவணத்தையும் யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதியும், பிடிஎஃப் வடிவில் ஒரு பிரதியும் சேர்த்து வையுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்காமல் மூலத்தை நீக்கிவிடாதீர்கள்.

கோப்புகளுக்குத் தமிழில் நீண்ட பெயர் வைப்பவர்களுக்கு லினக்ஸ் அடிப்படையிலான நாஸ் பெட்டிகளில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளில், ஒரு தடை வரும். விண்டோஸ் பெயரின் நீளத்தைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் 255 வரை அனுமதிக்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்புகளோ 255 பைட் என்று வரையறுக்கின்றன. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு அங்கே மூன்று பைட்டைப் பிடிப்பதால் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். 'கு' போன்ற ஓர் உயிர்மெய்யே இரண்டு குறியீடுகள் என்பதால், ஐம்பது எழுத்தை நெருங்கும் பெயர்களே நகலாகாமல் நின்றுவிடலாம். பிழை அறிக்கையைப் பார்க்காதவருக்கு அந்தக் கோப்புகள் விடுபட்டதே தெரியாது. பெயர்களை முப்பது எழுத்துக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது.

மீட்டுப் பார்த்தால்தான் காப்பு

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருளாளர்கள் தம் நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்லாப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். அந்நிறுவனத்தில் ஐந்து விதமான காப்பு, படியெடுப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவற்றுள் ஒன்றும் அந்நேரத்தில் நம்பத்தக்கதாக இல்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய பிரதிகள், நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தன. தோல்வியைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தன. வேறு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால், அந்த ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. இத்தனையையும் அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. தேர்ந்த பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இது நடக்குமானால், வீட்டில் ஃபைல் ஹிஸ்டரி மாதக்கணக்கில் நின்றுபோயிருப்பது எவர் கண்ணிலும் படாமல் போவதில் வியப்பில்லை.

எனவே அமாவாசை நாளில் அலமாரி டிஸ்க்கில் வேலை முடிந்ததும், கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி கடைசியாக நகலெடுத்த நாளையும் நேரத்தையும் பாருங்கள். பிறகு 'ரெஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' வழியே சென்று, சென்ற வாரத்துக் கோப்பு ஒன்றை வேறோர் இடத்தில் மீட்டு, திறந்து பாருங்கள். கோப்புறையில் பெயர் தெரிவதைப் பார்த்து நிறைவடையக் கூடாது. படம் முழுதாகத் தெரிய வேண்டும், காணொளி கடைசி வரை ஓட வேண்டும், கணக்குக் கோப்பை மென்பொருள் ஏற்க வேண்டும். மூன்று கோப்புகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆண்டுக்கு ஒரு முறை பெரிய சோதனை செய்யுங்கள். ஆயுத பூசைக்குக் கணினியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வீடுகளில் அதற்கு முந்தைய விடுமுறை நாள் தோதாக இருக்கும். அலமாரி டிஸ்க்கை உங்கள் கணினியில் செருகாமல் வேறொருவர் கணினியில் செருகி, ஒவ்வொரு பெரிய கோப்புறையிலிருந்தும் சிலவற்றைத் திறந்து பாருங்கள். குறியாக்கக் கடவுச்சொல்லைக் காகிதத்தைப் பார்த்தே உள்ளிடுங்கள், எழுதியது சரிதானா என்பதும் தெரிந்துவிடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். 'நன்று' என்பதற்குக் குறைவாக எது காட்டினாலும் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். எந்தப் பழுதும் தெரியாவிட்டாலும் ஐந்தாண்டு கடந்த டிஸ்க்கை ஒரே பிரதியாக நம்பியிருக்க மாட்டேன்.

கணினி நின்றுபோன நாளில்

பதற்றத்தில் செய்யும் முதல் செயலே எஞ்சிய பிரதியையும் கெடுத்துவிடக்கூடும். கெட்டுப்போனது ரான்சம்வேரால் என்று சிறிது ஐயம் இருந்தாலும், அந்தக் கணினியில் அலமாரி டிஸ்க்கைச் செருகாதீர்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து வழக்கமில்லாத டிக்டிக் ஓசை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது தரவு மீட்பவருக்கு எஞ்சியிருக்கும் வாய்ப்பையும் குறைக்கும். பழுது பார்க்கும் கடைக்குக் கணினி போகும்போது காப்பு டிஸ்க் உடன் போக வேண்டாம்.

நலமாக உள்ள வேறொரு கணினியில் அலமாரி டிஸ்க்கைச் செருகி, முதலில் அதன் முழு நகலை மற்றொரு டிஸ்க்கில் எடுங்கள், ஏனெனில் அந்த நொடியில் அதுவே உங்களிடம் உள்ள ஒரே பிரதியாக இருக்கலாம். நகல் முடிந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு, புதிய டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, பயனர் கோப்புறைகளை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். இணைப்பு டிஸ்க் நலமாக இருந்தால், கடந்த அமாவாசைக்குப் பின் மாறியவற்றை அதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். அவசரமாக வேண்டிய ஆவணங்களும் கணக்கும் முதலில், படங்கள் அதன்பின், காணொளிகள் கடைசியில் என்ற வரிசையில் சென்றால் அன்று மாலைக்குள் வேலை தொடங்கிவிடலாம். எல்லாம் திரும்பி வந்ததைச் சரிபார்த்து முடிக்கும்வரை பழைய டிஸ்க்கையும் மீட்புக்காக எடுத்த நகலையும் அழிக்க வேண்டாம். அது முடிந்த அன்றிரவே புதிய கணினியில் ஃபைல் ஹிஸ்டரியை இயக்கி, டி டிரைவ் கோப்புறைகளை லைப்ரரியில் மறுபடி சேர்த்துவிடுங்கள்.